அக்காவும் ஐரோப்பாக்காரிதான்

எங்கள் வீட்டில் ஐரோப்பியர் என்றால் வெள்ளைக்காரர். ஜெர்மனியில் ஒரு சின்னப் பட்டணத்தில் இருக்கும் என் அக்காவிடம் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தது. ஆனாலும் அவளும் ஐரோப்பியர்களில் ஒருத்தி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் அக்கா, அவ்வளவுதான்.

பிள்ளைகள் தங்கள் வழியில் போன பிறகு லண்டனில் நான் இருக்கும் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்து என் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை. எனக்கும் அதே. ஹாலந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு, விசா இல்லாமலே அப்படி வந்து எங்கள் ஹரோப் பகுதியில் குடியேறிவிட்டன. "றோட்டு திறந்துதானே கிடக்கு, என்ன அவசரம்?" என்பார் அக்காவின் கணவர், எங்கள் அத்தான். அதுவரைக்கும் சனிக்கிழமைகளில் போனை அடுப்பருகே சாத்திவைத்து இருவரும் சேர்ந்து சமைத்தோம். அங்கே கடுகு வெடித்தால் இங்கே நான் கறிவேப்பிலை போடுவேன்.

பிறகு அந்த வாக்கெடுப்பு வந்தது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா? என் கணவர் விலகும் கட்சி. "நாங்கள் ஒரு விசாவுக்கு எத்தினை வருசம் காய்ஞ்சு கிடந்தனாங்கள்? இந்த ஐரோப்பாக்காரர் பெட்டியோட வந்திறங்கி அடுத்த நாள் வேலைக்குப் போயினம்" என்று தேத்தண்ணி ஆறும்வரை பேசுவார். அவர் போகச் சொன்னால் நான் இருக்கச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். வாக்கையும் அப்படியே போட்டேன்.

முடிவு வந்த காலை அவர் சிரித்த முகத்தோடு இருந்தார். அக்கா போன் எடுத்தாள்.

"அப்ப நான் இனி வரேலாதோ?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர் குறுக்கே விழுந்தார். "அது வேறை ஆக்களுக்கு, அக்கா. உங்களுக்கில்லை." சொல்லி முடித்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது.

கதவு உடனே சாத்தப்படவில்லை. வந்து குடியேறச் சில வருடம் தவணை இருந்தது. அந்த வருடங்களில்தான் அத்தானுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரி. அந்த மனிதரை எங்கே கொண்டு திரிவது? தவணை முடிந்த பிறகு அத்தான் கண்ணை மூடினார். வரலாம் என்றிருந்த காலத்தில் அக்காவால் வர ஏலவில்லை. இப்போது தனிக்கட்டை, வர ஏலும், சட்டம் விடாது. விலகியது சரியா பிழையா என்று விம்பிள்டன் கோயிலில் அன்னதான வரிசையில் நின்று இன்றும் வாதாடுகிறார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. எனக்கு என் அக்கா வேண்டும்.

இப்போது அவள் விருந்தாளியாக வந்து போகிறாள். என் கணவர் நேரத்தோடு விமானநிலையத்துக்குப் போய் நிற்பார், பெட்டியைத் தொடக்கூட அவளை விடமாட்டார். அவர் எதற்கு வாக்களித்தார் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை.

போன கோடையில் பக்கத்து வீடு விற்பனைக்கு வந்தது. ஆட்கள் வெளியேறி, வீடு வெறுமையாய்க் கிடந்தது. அக்கா திரும்பிப் போவதற்கு முதல் நாள் நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பூட்டாமல் கிடந்த பக்கக் கதவால் அவள் அந்த வளவுக்குள் போவது தெரிந்தது. அங்கே குசினி வாசலில் நின்று, சத்தம் உயர்த்தாமல், "பிள்ளை" என்று கூப்பிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை. இஞ்சையிருந்து கூப்பிட்டால் உனக்குக் கேக்குமோ எண்டு பாத்தனான்."