சாராயத்தில் தண்ணீர் கலந்தவன்

இன்று அன்புவழிபுரம் சங்கக்கடையில் கூப்பன் அரிசிக்கு நின்றேன். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் வரிசை முழுக்கக் கேட்கும்படி என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் என் வகுப்பில் படிக்கிறான், பதின்மூன்று வயது. நேற்று சாராய வெறியில் வகுப்பிலேயே விழுந்துவிட்டான்.

"பள்ளிக்கூடத்தில என்னத்தைப் படிப்பிக்கிறீங்கள் ரீச்சர்?"

"அவனுக்குச் சாராயம் எங்கால வந்தது?" என்றேன்.

"பின்னேரத்தில எனக்கு வாங்கிவர அவன்தானே சாராயத் தவறணைக்குப் போறவன். வழியில பாதியைத் தன்ர தண்ணிப் போத்தலில ஊத்தி, பள்ளிக்கூடத்தில குடிக்க ஒளிச்சுப்போட்டு, என்ர போத்தலைத் தண்ணியால நிரப்பியிருக்கிறான். இது தெரியாமல், தண்ணி கலந்து விக்கிறாய் எண்டு தவறணைக்காரனோட நான் சண்டை பிடிச்சனான்!"

வரிசை சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாராயத்தில் தண்ணீர் கலந்ததற்குச் சண்டைக்குப் போன மனுசன், பிள்ளைக்குச் சாராயம் விற்றதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இனியும் அவனை அனுப்புவீங்களோ?"

"சீச்சீ, அவனை இனி நம்ப ஏலாது. சின்னவளைத்தான் அனுப்பப் போறன்."

சின்னவளுக்கு எட்டு வயது. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்னத்தைப் படிப்பிக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.