அம்மா மணல்மேடு ஏறிய வழி

மலைநாட்டில் தமிழர்மேல் நடந்த கலவரத்துக்குப் பிறகு தங்கையும் நானும் சித்தப்பாவோடு வன்னிக்கு வந்து ஜெயபுரத்தில் குடியேறினோம். அம்மா அண்ணனோடு ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். தங்கை வளர்ந்து, முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற, மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரக் குடும்பத்துப் பையனை விரும்பிக் கட்டினாள். அந்தக் கல்யாணத்துக்கும் அம்மாவால் வர முடியவில்லை. அவளுக்கு மகன் பிறந்த சேதி போனதும், பேரனைப் பார்த்தே தீருவேன் என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். கூட்டிவர நான் போனேன்.

என்னோடு வழிகாட்டியாக வந்தவர் தங்கையின் மாமனார். சண்டைக்கு முன்பு கருவாட்டு மூட்டைகளோடு மலைநாட்டுச் சந்தைகளுக்குப் போய் வந்தவர். எங்கே பஸ் மாறுவது, வவுனியாவில் யார் வீட்டில் தங்குவது, சோதனைச்சாவடியில் யாரிடம் பேசுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நானும் அவரை மாமா என்றே கூப்பிட்டேன்.

அம்மாவுக்கு நெடுநாள் மூச்சிழுப்பு வருத்தம். அதற்கென்று அண்ணன் ஒரு பை நிறைய மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தான். விடியற்காலைப் பனியில் பஸ் ஏறினோம். தேயிலைச் சரிவுகளை அம்மா பார்க்கவே இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்ததுதானே என்றார். மாத்தளைக்குக் கீழே இறங்கியதும் வெக்கை ஜன்னலால் அடித்தது. அப்போதுதான் அவர் கொஞ்சம் பயந்தார் என்று நினைக்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கெல்லாம் மனிதர் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார்.

போராளிகளின் கையிலிருந்த வன்னிக்குள் போக இராணுவத்தின் அனுமதி கிடைக்கும்வரை வவுனியாவில் மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு விறாந்தையில் காத்துக் கிடந்தோம். பிறகு ஒரு காலையில் சாவடிக்குப் போனோம். பைகளைப் பிரித்து மேசையில் கொட்டச் சொன்னார்கள். ஒரு இளம் சிப்பாய் சவர்க்காரக் கட்டிகளையும் மாத்திரைகளையும் ஒதுக்கி வைத்தான். ஒரே ஒரு அட்டையை மட்டும் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தான். மருந்து அந்தப்பக்கம் போகக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவாம். மாமா சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தார். அம்மாவும் தோட்டத்தில் பழகிய சிங்களத்தில், இது இல்லாவிட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும் மாத்தயா என்றார். அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பையை இழுத்தான்.

மாமா என் தோளைத் தொட்டார். "இனிக் கதைக்காதேங்கோ பிள்ளை. எல்லாரையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

நான் அம்மாவிடம் திரும்பிப் போய்விடலாம் என்றேன். அவர் கொட்டிக் கிடந்த சேலைகளை மடித்துக்கொண்டே, "இம்புட்டுத் தூரம் வந்துட்டுத் திரும்பவா? நட புள்ள" என்றார்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த வெளியை வெயிலில் நடந்து கடந்தோம். அந்தப்பக்கம் மாமா ஒரு பழைய லொறியைப் பிடித்தார். வன்னிக்குள் பெற்றோல் வராத காலம். எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. குழி விழுந்த பாதையில் புகையும் செம்மண் புழுதியும் எங்களோடு கூடவே வந்தன. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தே இருந்தார். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டானை அடைவதற்குள் அட்டையிலிருந்த மாத்திரைகள் தீர்ந்துவிட்டன. நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கியது.

வழியில் ஒரு மருந்தகம் இருந்தது. அங்கிருந்தவர் அம்மாவை ஒரு கதிரையில் நிமிர்த்தி இருத்தி, சுடுதண்ணீர் கொடுத்து, ஆவி பிடிக்க வைத்தார். பிறகு என்னை வெளியே கூட்டிப்போய், "குடுக்க எங்களிட்ட ஒண்டும் இல்லைத் தங்கச்சி" என்றார். அவருக்குப் பின்னால் வாசல் வழியே தெரிந்த மருந்து அலுமாரி உண்மையிலேயே வெறுமையாக இருந்தது. அவரோடு சண்டை பிடிக்கக்கூட முடியவில்லை. உள்ளே போய் ஓலை விசிறியால் விசிறினேன். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும், கை நின்றால் மூச்சும் நின்றுவிடும் போலிருந்தது.

மறுநாள் உழவு இயந்திரப் பெட்டியில் கடற்கரைப் பக்கம் போனோம். காடு மெலிந்து, பற்றைகள் முடிந்து, வெறும் மணல் வந்தது. வெண்மணல் மேடு மேடாகக் குவிந்து கிடந்தது. தங்கையின் குடிசை அதற்கு அப்பால். உழவு இயந்திரம் சில்லுப் புதைந்து நின்றுவிட்டது. அம்மாவால் ஓர் அடிகூட வைக்க முடியவில்லை. மாமா எங்களை அங்கே இருக்கச் சொல்லிவிட்டு மேட்டில் ஏறி மறைந்தார். நிழல் இல்லாத அந்த இடத்தில் நான் சேலையை விரித்துப் பிடித்தபடி நின்றேன். அம்மாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. என்னால் தெய்வத்தைக்கூடக் கூப்பிட முடியவில்லை.

மாமா நாலைந்து மீனவர்களோடு வந்தார். ஒரு கதிரையில் தடிகளைக் கட்டி, அம்மாவை அதில் இருத்தித் தூக்கினார்கள். முழங்கால் வரை புதைந்து புதைந்து ஏறினார்கள். மேட்டு உச்சியில் அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கீழே கடல். அவர் அதுவரை கடலைக் கண்டதில்லை. தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மணலில் முழந்தாளிட்டாள். அம்மாவுக்குப் பேச மூச்சு இல்லை. பேரனை வாங்கக் கையில் பலமும் இல்லை. அவன் பாதத்தை மட்டும் ஒரு விரலால் தொட்டார்.

அன்று அவர் போய்விடுவார் என்றே எல்லோரும் நினைத்தோம். ஆனால் உப்புக்காற்றோ என்னவோ, சில நாட்களில் எழுந்து உட்கார்ந்தார். பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். திரும்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது நாங்கள் வந்த கண்டி வீதியில் சண்டை தொடங்கி, சாவடியை மூடிவிட்டார்கள். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று மாமா ஒவ்வொரு முறையும் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்.

அம்மாவை ஜெயபுரத்துக்கு என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். ஒவ்வொரு மாரி மழைக்கும் இழுப்பு வரும். நான் விசிறியோடு பக்கத்தில் இருப்பேன். "அண்ணன் என்னா பண்றானோ" என்று மட்டும் கேட்பார். மூன்றாவது மாரியை அவர் தாண்டவில்லை.

அண்ணனுக்குச் சேதி அனுப்ப நேர்வழி இல்லை. மன்னார்ப் பக்கம் போகிறவர்கள், வவுனியாவுக்குப் போக அனுமதி கிடைத்தவர்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினேன். அதில் யார் சொல்லி அவன் அறிந்தான் என்று தெரியாது. அவன் அறிந்தபோது இங்கே கருமாதி முடிந்து வெகு நாளாகியிருந்தது.