அவள் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’

இன்று தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறினேன். சாரலுக்காக ஷட்டர்களை இறக்கி விட்டிருந்தார்கள். வெளியே பார்க்க வழியில்லாததால் முன் சீட்டில் நடந்ததைக் கேட்க வேண்டியதாயிற்று.

அங்கே ஒரு கல்லூரி மாணவி. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும் போன் அவளுடையது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் அப்பா கூப்பிட்டார்.

“ரிசல்ட் வந்துட்டாம்லா மக்கா?”

“மூணு பேப்பர் போச்சு வாப்பா.”

“எப்பிடிம்மா போவும்? எப்பப் பாத்தாலும் உன் பேருக்குக் கீழ ஆன்லைன்னுல்லா கெடக்கும். எம்மவ போன்லயே படிக்கா பாருலேன்னு ரூம்ல எல்லாத்துட்டயும் காட்டுவேன். படிக்கிற பிள்ளையக் கெடுக்கக் கூடாதுன்னுதான் கூப்பிடாமலே கெடந்தேன்.”

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் வாப்பா ஆன்லைன்ல இருந்தேன்.”

கொஞ்சம் கழித்து, “நடுவுல ரீல்ஸும் பாத்தேன்” என்றாள். நேர்மையான பெண்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. மேலகரத்தில் அவள் இறங்கும்போதும் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. மஸ்கட்டில் ஒருவர் மூக்கைச் சிந்துவது படிக்கட்டு வரை கேட்டது.

மாணவர்களின் கைபேசிப் பழக்கம் மதிப்பெண்ணைக் குறைக்கிறதா என்று ஆராய்கிற பேராசிரியர்கள் சிலர் என் முகநூல் நட்பில் இருக்கிறீர்கள். அப்பா கூப்பிடுவார் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தை எதில் சேர்ப்பீர்கள்? படிப்பிலா, பொழுதுபோக்கிலா?