உள்பக்கத் தாழ்ப்பாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் இது நடந்தது. வண்டிப்பெரியாறு தாண்டி குமுளி போகிற வழியில் இருக்கும் ஒரு சின்ன டவுன் எங்களுடையது. அங்கே மூன்று மாடி லாட்ஜ் ஒன்றில் பன்னிரண்டு வருடம் அறை துடைக்கிற வேலை பார்த்தேன். டூரிஸ்ட் வரத்து நின்றதும் முதலாளி அதைப் பூட்டிவிட்டுப் போனார். சுவரெல்லாம் பூஞ்சை பிடித்து, மேல்மாடியில் வவ்வால் குடியேறியது.

பிறகு ஒரு சங்கம் அந்தக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தது. பஸ் ஸ்டாண்டிலும் கடை வராந்தாக்களிலும் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஓர் அறை. கூடவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, ரேஷன் கார்டு எடுத்துத் தர, வேலை தேடித் தர ஆட்கள். இதுதான் திட்டம். கட்டடத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவள் என்று என்னையே மேற்பார்வைக்கு வைத்தார்கள். வெள்ளையடித்தது, குழாய் மாற்றியது, மெத்தை வெயிலில் போட்டது எல்லாவற்றிலும் என் கை இருந்தது.

எதிர்வரிசைக் கடைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. திருட்டு வரும், குடி வரும், வியாபாரம் கெடும் என்று கையெழுத்து வாங்கி மனு கொடுத்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த எங்கள் கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. அறைகளில் உள்பக்கத் தாழ்ப்பாள் கூடாது. யாராவது குடித்துவிட்டு உள்ளே பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது கமிட்டி சொன்ன காரணம். பதினான்கு அறைத் தாழ்ப்பாள்களையும் நான்தான் கழற்றி, ஒரு காகிதப் பையில் போட்டு ஸ்டோர் ரூமில் வைத்தேன். எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

குடியேறுகிற நாளன்று காலையில் ஒன்பது பேர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். முதல் அறை ஒரு பெண்ணுக்கு. என் வயதுதான் இருக்கும். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். புருஷன் இறந்த பிறகு லய வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் இரண்டு வருடம் பஸ் ஸ்டாண்ட்தான்.

புது விரிப்பையும் ஜன்னலையும் அவர் பார்க்கவே இல்லை. கதவைச் சாத்தி, அதன் பின்பக்கம் கையால் தடவினார். நான்கு ஸ்க்ரூ ஓட்டைதான் இருந்தது.

"தாழ்ப்பா எங்க?"

"பாதுகாப்புக்காக எடுத்துட்டோம்க்கா."

"யாரு பாதுகாப்புக்கு?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்துவிட்டு மற்ற எட்டுப் பேரும் உள்ளே போகாமல் நின்றார்கள்.

சங்கத்தின் செக்ரட்டரி ஓடிவந்தார். நல்ல மனிதர், மலையாளி. "சேச்சி, ரூல் எல்லாருக்கும் ஒண்ணு தன்னே. உங்களுக்கு மட்டும் மாற்ற முடியாது" என்றார்.

"ரெண்டு வருசமா ஒரு கண்ணத் தொறந்து வச்சுத்தான் சார் தூங்கியிருக்கேன். இங்கயும் அப்படித்தான்னா, நான் அங்கயே போயிருதேன்."

எதிர்ப்பக்கம் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். இலவசமாக அறை கொடுத்தாலும் திமிரைப் பார் என்று ஒருவர் சத்தமாகச் சிரித்தார். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ அந்தப் பெண்மேல்தான். இதற்காக எத்தனை மாதம் உழைத்தோம், இப்படி ஊர் முன்னால் மானத்தை வாங்குகிறாரே என்று அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "கிடைச்சதே பெருசுன்னு இருக்கக் கூடாதாக்கா?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எங்க படுக்கே?"

"என் வீட்ல."

"கதவப் பூட்டிட்டா, பூட்டாமயா?"

நான் நிமிர்ந்து நின்றுவிட்டேன். எனக்குச் சட்டென்று நினைவு வந்தது வேறு. சீசன் நாட்களில் வீட்டுக்குப் போக பஸ் கிடைக்காமல், இதே லாட்ஜில் துணி அடுக்குகிற அறையில் நான் படுத்திருக்கிறேன். அந்தக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. இரும்பு ஸ்டூலையும் இரண்டு வாளித் தண்ணீரையும் கதவுக்கு அண்டக் கொடுத்துவிட்டு, நடைபாதையில் கேட்கிற ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். அதை எப்படி மறந்தேன்?

நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் பையையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்து வந்து முதல் கதவில் மாட்ட ஆரம்பித்தேன். செக்ரட்டரி பின்னாலேயே வந்தார்.

"யார் சொல்லி மாட்டுறீங்க?"

"யாரும் சொல்லல சார். கழட்டுனது நான். நானே மாட்டுறேன்."

"கமிட்டிக்கு நான் என்ன சொல்வேன்? வேலை போகும், கேட்டோ?"

"போகட்டும் சார்."

சொல்லிவிட்டு அவசரமாகத் திருகினேன். ஸ்க்ரூ நழுவி நழுவி விழுந்தது. வந்தவர்களில் ஒருவர் எஸ்டேட்டில் தச்சு வேலை செய்தவராம். "குடும்மா" என்று ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செக்ரட்டரி கீழே உருண்ட ஸ்க்ரூ ஒன்றைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் பதினான்கும் மாட்டி முடிந்தது. விஷயம் தெரிந்து கடைக்காரர்களில் மூத்தவர் குடையோடு கேட்டுக்கு வந்தார். "உள்ள பூட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறாங்களாம்?"

படியில் இருந்த அந்தப் பெண் எழுந்தார். "தூங்கப் போறோம்" என்றார். உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் வாசல்வரை கேட்டது.

அடுத்த நாள் பகல் பதினொரு மணிவரை அந்தக் கதவு திறக்கவில்லை. தட்ட வந்த ஒருவரை நான் விடவில்லை.

கமிட்டி என்னிடம் விளக்கம் கேட்டது. துணி அறையில் நான் வாளி வைத்துப் படுத்த கதையை அப்படியே எழுதிக் கொடுத்தேன். என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அங்கே குடியிருப்பவர்களையும் உட்கார வைத்துப் பேசி, ஆபத்து என்றால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டைப் பிறகு போட்டார்கள். அந்தச் சாவியை யார் வைத்திருப்பது என்பதையும் குடியிருப்பவர்களே முடிவு செய்தார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருவர் குடியை விட முடியாமல் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பிவிட்டார். எதிர்க் கடைகளில் இன்றும் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸில், எங்கள் ஆட்களுக்குப் பேப்பர் கப்பில்தான் டீ. அதைப் பற்றியும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் வேலைக்குப் போகிறார். சண்டை என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார்.

இல்லாதவர்களைப் பார்த்து, கிடைத்ததே பெரிது என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் சும்மா இருப்பதில்லை. அதே வார்த்தையை ஒருநாள் என் வாயாலேயே சொன்னேன் என்பதால் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவே இல்லை, ஆறவும் வேண்டாம்.