காளியாயியின் மாத்திரை

செவந்தியக்காவின் அடையாள அட்டையில் காளியாயி என்றுதான் இருக்கிறது. காளியாயி அவருடைய அக்கா. ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். பிறகு பிறந்த செவந்தியைப் பதிய யாரும் மெனக்கெடவில்லை. வேலைக்குப் பெயர் கொடுக்கும்போது, செத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைத் தூசி தட்டி நீட்டிவிட்டார்கள். பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடமாகக் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க "காளியாயி" என்று கூப்பிட்டால், "ஆமாங்க" என்பவர் செவந்திதான்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு இடது விலாவுக்குக் கீழே வீங்கியது. "இந்த வயசுல விசேஷமா?" என்று கொழுந்து பறிப்பவர்கள் கேலி செய்தார்கள். கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தப் புற்றுநோய் என்றார்கள். பக்கத்து லயத்து வீட்டில் இருக்கும் டீச்சர் நான், துணைக்குப் போனேன்.

டாக்டரம்மா தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார்.

"கலத்துக்குள்ள குரோமோசோம்னு நூல் மாதிரி இருக்கும். உங்க ரத்தத்துல ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் உடைஞ்சு, துண்டுங்க இடம் மாறி ஒட்டியிருக்கு. அதனாலதான் இந்த நோய். டெஸ்ட்ல அது தெரிஞ்சதால, அதையே குறிவைக்கிற மாத்திரை குடுக்கலாம். தினமும் சாப்பிடணும்."

எனக்கு உயிர் வந்தது. செவந்தியக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பஸ்ஸில் மாத்திரை உறைமேல் காளியாயி என்று எழுதியிருந்த பெயரையே தடவிக்கொண்டு வந்தார்.

"நாங்க எடம் மாறுனது அந்தம்மாவுக்கு எப்புடித் தெரியும் டீச்சர்?"



அடுத்த மாதம் ரத்தம் இன்னும் மோசம். "ஒழுங்கா சாப்பிடுறாங்களா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். மறுநாள் காலை செவந்தியக்காவின் பின்னாலேயே போனேன். காளியாயியைப் புதைத்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. ஒரு செடியின் தூரில் அவர் மாத்திரையை வைத்தார்.

"அவ பேருக்குக் குடுத்த மருந்து. இதையும் நானே புடுங்கித் திங்கவா? பாருங்க, நேத்து வச்சது இல்ல. தெனமும் எடுத்துக்கிறா."

காற்றே இல்லை. பனிமூட்டத்தில் அந்தச் செடி மட்டும் ஆடியது. பயந்துதான் போனேன், பயத்தில் கோபம் வந்துவிட்டது.

"ஒன்னரை வயசுப் புள்ளைக்குப் பெரியவங்க மாத்திரையக் குடுக்குறீங்களே, மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

அவர் ஆடிப்போனார். தன்னோடு சேர்ந்து அவளுக்கும் வயது ஏறியதாகவே நினைத்திருந்தார் போலும். குனிந்து மாத்திரையை எடுத்து, முந்தானையில் துடைத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார். பிறகு அந்த மண்ணைத் தட்டிக்கொடுத்தபடி வெகுநேரம் அழுதார்.

எட்டு மாதத்தில் வீக்கம் வற்றிவிட்டது. இடம் மாறிய துண்டை ரத்தத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"ஆனா நீங்களா மாத்திரைய நிறுத்தக் கூடாது," என்றார் டாக்டரம்மா. "முழுசாப் போயிருக்காது. நிறுத்தினா திரும்பி வந்துரும்."

"தெரியுங்க. எங்கயும் போகல. பக்கத்துலயேதான் இருக்கு."

"நல்லா வெளங்கிக்கிட்டாங்க," என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செவந்தியக்கா பெஞ்சின் ஓரமாக ஒடுங்கி, ஒரு சின்னப் பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்.