எடுக்கக் கூடாத மிஸ்டு கால்

போன மாதம், அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் காலை பஸ் பாதி வழியில் நின்றது. டயர் பஞ்சர் இல்லை. சாலை மறியலும் இல்லை. ஒரு மிஸ்டு கால்தான் காரணம்.

முதலில் தங்கராசுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்பது அரியலூரில், ஆபீஸ் பெரம்பலூரில் என்று தினமும் பஸ்ஸில் குலுங்குகிற கூட்டம் எங்களுடையது. அதில் அவர் டைப்பிஸ்ட். ஊரில் செல்போன் பரவிய பிறகு, கண்ணில் படுகிறதற்கெல்லாம் பெயர் வைப்பதை ஒரு உபதொழிலாகவே வைத்துக்கொண்டார்.

டவர் கிடைக்காமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவது — கிரிவலம். வந்த எஸ்.எம்.எஸ்.ஸையெல்லாம் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் தள்ளிவிடுவது — அன்னதானம். பிரவுசிங் சென்டரில் பெண் பெயரில் சாட் செய்யும் ஆண்பிள்ளை — மோகினி. மிஸ்டு கால் வந்தால் மரியாதையாகத் திருப்பிக் கூப்பிட வேண்டும் அல்லவா? அப்படிச் செய்யாமல், மணியடித்ததுமே எடுத்து, கொடுத்தவரின் பேலன்ஸைக் கரைப்பவருக்குத்தான் இருப்பதிலேயே மோசமான பெயர் — கல்நெஞ்சன்!

பெண் பார்க்க வந்து, கேசரியைச் சாப்பிட்டு, "போன் பண்றோங்க" என்று கிளம்பியவர்கள் அப்புறம் மூச்சே விடவில்லை என்றால்? அதற்கும் வைத்திருந்தார்... 'தொடர்பு எல்லைக்கு வெளியே'.

பஸ்ஸே சிரித்தது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். வேறென்ன செய்வார்? அவர் மகள் மலர்க்கொடியைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லோருமே அந்த எல்லைக்கு வெளியேதான் இருந்தார்கள். திருமானூர்க்காரர்கள் சிம் கார்டையே மாற்றிவிட்டதாகக் கேள்வி.

கடைசியாக வந்தவர்கள் ஜெயங்கொண்டத்துக்காரர்கள். பையனின் அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாராம்: "பெரியவங்ககிட்ட கலந்துக்கிறோம். சரின்னா புதன்கெழமைக்குள்ள ஒரு மிஸ்டு கால் வரும், நீங்க கூப்புடுங்க. வரலேன்னா... தப்பா நெனச்சுக்காதீங்க."

அந்தப் புதன்கிழமைதான் நான் சொல்கிற காலை. தங்கராசு யாருக்கும் பெயர் வைக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் வைப்பார், எடுப்பார், பார்ப்பார், துடைப்பார். "இந்தப் புள்ளைக்கு இதும் அமையலேன்னா என் சம்சாரம் தாங்க மாட்டா சார்" என்றார். சம்சாரம் தாங்குவாரோ என்னவோ, இவர் தாங்க மாட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

பாதி வழியில் போன் அடித்தது. ஸ்கிரீனில் ஜெயங்கொண்டத்து நம்பர்.

அடித்து ஓயட்டும் என்று விட வேண்டியதுதானே? ஊருக்கெல்லாம் இலக்கணம் சொன்ன மனிதர்... பட்டென்று எடுத்துவிட்டார்!

"அலோ! அலோ!"

அந்தப் போனில் எதிர்முனைக் குரல் பின்சீட்டு வரை கேட்கும். பேசியது மாப்பிள்ளைப் பையனேதான். பதறிப்போய்விட்டான்.

"அய்யய்யோ, ஏன் மாமா எடுத்தீங்க? பேலன்ஸ் இல்ல மாமா, நீங்க கூப்புடுங்க!"

கட் ஆகிவிட்டது. தங்கராசு என் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா சார்? ஞாயித்துக்கெழமை வூட்டுக்கு வந்தப்ப வாய்க்கு வாய் 'சார்'னு கூப்புட்ட பையன் சார் இவன்... இப்ப மாமாங்கிறான்."

கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்?

திருப்பிக் கூப்பிட்டார். டவர் இல்லை. ஜன்னல் பக்கம் போனார், படிக்கட்டுக்குப் போனார்... ஊஹூம். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். "எறங்கிப் பேசிட்டு வாங்கண்ணே. அஞ்சு நிமிசம் லேட்டானா கலெக்டர் ஆபீஸ் எங்கயும் ஓடிறாது."

தங்கராசு இறங்கினார். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நின்ற பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாங்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வைத்த பெயர் எல்லோர் நாக்கு நுனியிலும் இருந்தது. ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மூன்றாவது சுற்றில் டவர் கிடைத்தது. அவர் பேசுவது கேட்கவில்லை. ஆனால் எதிரில் ஆளே இல்லாத முந்திரிக்காட்டைப் பார்த்து அவர் கும்பிட்டது தெரிந்தது.

அடுத்தவர் வீட்டு விஷயத்துக்கு வேடிக்கையாகப் பெயர் வைக்க நன்றாகத்தான் வருகிறது. நம் வீட்டுக்கு வரும்போதுதான் வாயடைத்துப் போகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் போன் அடிக்கிறது. தங்கராசுதான், பத்திரிகை வைக்க எப்போது வரலாம் என்று கேட்பதற்காக இருக்கும். எடுக்கப் போவதில்லை... நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை!