பட்டி பார்த்த பைப்

புகைக்கிற பைப் விற்கும் வேலையில் ஒரு வசதி உண்டு, கூட்டம் வராது. ஒரு சங்கடமும் உண்டு, வருகிற ஒருத்தர் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து போகமாட்டார். நாள் பூராவும் கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்கள், "வேற காட்டுங்க" என்ற சொல்லைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிறவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எங்கள் கடை ஓசூரில், பாகலூர் ரோட்டுப் பக்கம். லைட்டர், பேனா, பர்ஸ், பெல்ட், அதோடு ஒரு கண்ணாடி அலமாரி நிறைய பிரையர் பைப். பிரையர் என்பது ஏதோ ஒரு கடலோரத்துப் புதர்ச்செடியின் வேர்முடிச்சாம். நெருப்பைத் தாங்கும், லேசில் கருகாது. அதனால்தான் அந்த விலை. பெங்களூரிலிருந்து தினம் காரில் வந்துபோகும் மேனேஜர்கள், வெளிநாட்டு என்ஜினீயர்கள், ரிட்டையர் ஆகிறவருக்குப் பரிசு தேடுகிற ஆட்கள் எல்லாம் வாங்குவார்கள். முதலாளி சலீம் பாய். நான் மஞ்சுளா, ஊத்தங்கரைக்காரி. புகையிலை வாசனையே எனக்கு ஆகாது. மூன்று வருஷமாக இதைத்தான் விற்கிறேன், என்ன செய்வது?

கண் டாக்டர்

இந்தக் கடைக்கு எப்படி வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஏழு வருஷம் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றும்போது காற்று சிக்கினால் பீஸில் குழி விழும். அந்தப் பீஸைத் திருப்பி உலைக்கு அனுப்ப வேண்டும். அனுப்ப மனசில்லாதவர்கள் சுவருக்குப் பட்டி பார்க்கிற மாதிரி குழியில் பட்டியை அப்பித் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஒரு நாள் வந்த கியர் கவர் லாட்டில் அப்படிப் பல பீஸ் இருந்தன. நான் அவற்றைத் தனியே எடுத்து வைத்து, மொத்த லாட்டையும் நிறுத்திச் சிவப்பு டேக் கட்டினேன்.

வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. குவாலிட்டி ஹெட் வந்தார். ஒரு பீஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பெயின்ட் கட்டிம்மா. பட்டி எங்க இருக்கு? முதல்ல போய்க் கண்ணைக் காட்டிட்டு வா" என்று லைனில் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். லாரி போனது. அடுத்த மாதம் என் காண்ட்ராக்டும் போனது.

வேலை போனதுகூட ஆறிவிட்டது. ஆறாதது வேறொன்று. அவர் முப்பது வருஷம் பீஸ் பார்த்தவர். அவர் கண்ணுக்குத் தெரியாத பட்டி என் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ? இந்தச் சந்தேகம் வந்துவிட்டால் இன்ஸ்பெக்ஷன்காரிக்குச் சோறு இறங்காது. நிஜமாகவே கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். எழுத்தெல்லாம் படிக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ரெண்டு கண்ணும் நல்லா இருக்கும்மா. உன்னை யாரு இங்க அனுப்பிச்சது?"

முதல் வாரம்

கடைக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, பைப்பிலும் பட்டி உண்டு என்று. வேரில் மண்ணும் சின்னக் கல்லும் சிக்கி வளர்வதால் கடையும்போது குழி வெளிப்படும். அதை அடைத்து, அடர்த்தியாகச் சாயம் ஏற்றி, பளபளவென்று வார்னிஷ் அடித்துவிட்டால் அலமாரியிலேயே அதுதான் அழகான பைப். சாயம் ஏறாத மங்கலான பைப்தான் பெரும்பாலும் மறைக்க ஒன்றுமில்லாத பைப். ஒரு மேனேஜர் பளபளப்பான ஒன்றை எடுத்துப் பர்ஸைத் திறக்கும் நேரத்தில், என் வாய் சும்மா இருக்கவில்லை. "சார், இந்த இடத்துல அடைச்சிருக்காங்க" என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் நன்றி சொல்லி, பர்ஸை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சலீம் பாய் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு அலமாரியில் இருந்த பைப் அத்தனையையும் துணி விரித்துக் கவுன்டரில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கும்படி என்னிடமே சொன்னார். அன்றைக்கிலிருந்து பட்டி பார்த்தவை கீழ்த்தட்டில், குறைந்த விலையில். அதைச் செய்து முடித்த பிறகுதான் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, நீ இங்க விக்கறவளா, வாங்கறவளா? அதை மட்டும் சொல்லிடு, நான் அதுக்குத் தகுந்த மாதிரி இருந்துக்கறேன்."

பர்கூர்க்காரர்

பர்கூரில் கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மருமகனுக்குப் பைப் வாங்க வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கீழ்த்தட்டுப் பைப் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "மரத்து ரேகை ஓடி வந்து இங்க நின்னு போவுது பாரும்மா. அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பிக்குது. நடுவுல என்னா ஆச்சு அதுக்கு?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிரானைட் பலகையில் விரிசல் இருந்தால் அதே நிறத்தில் பிசின் விட்டு அடைத்துப் பாலிஷ் போட்டுவிடுவார்களாம். அவருக்கு வாழ்க்கையே அந்த ரேகைதான்.

மேல்தட்டிலிருந்து மங்கலான ஒன்றைக் காட்டினேன். ரேகை அடியிலிருந்து மேல்வரை அறுபடாமல் ஓடியது. மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொண்டார். தெரியாத ஊரில் நம் பாஷை பேசுகிற ஒருத்தரைப் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது, மனசுக்கு அவ்வளவு தெம்பு. போகும்போது சொன்னார்: "கல்லுல நாங்க பண்றதை மரத்துலயும் பண்றாங்களா? அப்ப நாங்க மட்டும் கெட்டவங்க இல்ல."

டிராயிங் இல்லாத பொருள்

ஓசூரில் கடை வைத்தால் வாடிக்கையாளர் சட்டைப் பையில் மயிரிழைவரை அளக்கிற வெர்னியரோடு வருவார். ஒரு தொழிற்சாலை டூல் ரூமில் வேலை பார்க்கும் ஒருவர் அப்படித்தான் வந்தார். பைப் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய சோதனையை நான் காட்டிக் கொடுத்தேன். பஞ்சு சுற்றிய கம்பியை வாயில் வைக்கும் முனையிலிருந்து விட வேண்டும். எங்கும் முட்டாமல் போய், புகையிலை வைக்கிற கிண்ணத்தின் அடியில் நடுவாக எட்டிப் பார்த்தால் நல்ல பைப். தண்டும் மரமும் சேரும் இடத்தில் வெளிச்சம் தெரியக் கூடாது. கையில் கனக்கக் கூடாது. எல்லாம் பாஸ்.

அவருக்குப் போதவில்லை. கிண்ணத்தின் சுவரை நாலு பக்கமும் அளந்தார். ஒரு பக்கம் மயிரிழை கூடுதல். டாலரன்ஸ் என்ன, எவ்வளவு வித்தியாசம் வரை விடலாம் என்று கேட்டார். கையால் கடைந்தது, அளவு குறித்த டிராயிங்கெல்லாம் கிடையாது என்றேன். மனசு நிறைய ஆசை, கையில் பைப், அதை வைக்கவும் முடியவில்லை, வாங்கவும் முடியவில்லை. கடைசியில் பெருமூச்சு விட்டுத் திருப்பிக் கொடுத்தார்: "டிராயிங்கே இல்லாத பொருளை எப்படிங்க ஓகே பண்றது?"

சூளகிரி தம்பதி

சூளகிரியில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். இருவரும் தங்களுக்குள் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டார்கள், என்னிடம் மட்டும் தமிழில் பேசினார்கள். அவர் பாக்கெட் பாக்கெட்டாக சிகரெட் பிடிப்பவர். பைப்புக்கு மாறினால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தார். விலையைக் கேட்ட அந்த அம்மா முகம் சிவந்தது. நானும் உள்ளதைச் சொன்னேன்: பழகும் வரை பைப் அடிக்கடி அணைந்துவிடும், திரும்பத் திரும்பப் பற்ற வைக்க வேண்டும். அந்த அம்மா உடனே பர்ஸைத் திறந்தார்: "அணைஞ்சு அணைஞ்சு போவுதுன்னா இதையே குடும்மா. மவராசன் பாதி நேரமாவது சும்மா இருப்பாரு."

குமரேசன் கேட்ட பைப்

போன மாதம் குமரேசன் வந்தான். தொழிற்சாலையில் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பீஸ் பார்த்தவன், இன்னும் அங்கேதான் இருக்கிறான். "ஹெட் சார் ரிட்டையர் ஆவுறாருக்கா. பைப் பிடிப்பாரு. டிப்பார்ட்மென்ட்ல எல்லாரும் சேர்ந்து நல்லதா ஒண்ணு குடுக்கலாம்னு" என்றான். எந்த ஹெட் என்று நான் கேட்கவில்லை. சொல்லிவிட்டு அவனே நேராகக் கீழ்த்தட்டைக் காட்டினான். கருஞ்சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது அந்தப் பைப். பட்டி பார்த்தவற்றிலேயே ரொம்ப அழகானது.

உண்மையைச் சொல்கிறேன், எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கேட்டதைக் கொடுத்தால் என் மேல் ஒரு குற்றமும் இல்லை. பட்டியே கண்ணுக்குத் தெரியாத மனுஷர் பட்டியிலேயே புகை பிடிக்கட்டும். பெட்டிகூட எடுத்துவிட்டேன். மூடியைத் திறக்கும்போது கை நின்றது. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விட்டால், எனக்குப் பார்க்கத் தெரியாது என்று அவர் சொன்னது நிஜமாகிவிடாதா? பைப்பைத் திரும்ப வைத்துவிட்டேன்.

மேல்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்தேன். ரேகை அவ்வளவு நேராக ஓடும் பைப் எங்கள் கடைக்கு வருவது அபூர்வம். ஆனால் அடிப்பக்கம் கடுகளவு ஒரு குழி. செய்தவர் அதை அடைக்காமல் அப்படியே விட்டிருந்தார். புகைப்பதற்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, மறைக்காமல் விட்டதுதான் இதன் தரம் என்று குமரேசனிடம் சொன்னேன். அவன் மிரண்டுவிட்டான். குவாலிட்டி ஹெட்டுக்கே குழி விழுந்த பீஸா? என்னை நம்பி வாங்கிக்கொண்டான், ஆனால் படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தான்: "அக்கா, கடைசி நாள் அதுவுமா அவரு எங்களையே ரிஜெக்ட் பண்ணிடப் போறாரு."

மாற்ற வந்தவர்

பத்து நாள் கழித்து மத்தியானத்தில் ஹெட் சாரே வந்தார். இளைத்திருந்தார். பெட்டியைக் கவுன்டரில் வைத்தார். இன்னும் புகைக்கவில்லை, மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். "பசங்க ஆசையா குடுத்தாங்கம்மா. ஆனா அடியில ஒரு குழி இருக்கு." நான் குமரேசனுக்குச் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு கீழ்த்தட்டில் இருந்த அந்தக் கருஞ்சிவப்புப் பைப்பைக் காட்டி, அதை எடுக்கச் சொன்னார்.

"அதுல மூணு இடத்துல பட்டி இருக்கு சார்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. டார்ச் அடித்து ஒவ்வொரு இடமாகக் காட்டினேன். சூடேறினால் வார்னிஷ் கொப்பளிக்கும் என்றும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பைப்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். "மூணு இல்லம்மா, நாலு" என்றார். தண்டு சேரும் வளையத்துக்குக் கீழே நாலாவது இருந்தது. இத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லை.

டார்ச்சில்லாமல் இதைப் பார்க்கிற கண்ணுக்கா அன்றைக்குத் தெரியவில்லை? அவர் அதற்குள் என்னை அடையாளம் கண்டுவிட்டார். "ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்ல இருந்த பொண்ணுதானே நீ?" என்றார். ஆமாம் என்றேன். அந்தப் பைப்பையே பெட்டியில் போடச் சொன்னார், வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால் பளிச்சென்று இருக்குமாம். போட்டேன். பெட்டியை நீட்டினேன், ஆனால் கையை விடவில்லை. "சார், அன்னிக்கு அந்த லாட்ல பட்டி இருந்துச்சா, இல்லியா?" என்று கேட்டேவிட்டேன். மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கேள்வி. இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஷிஃப்ட் முடிவில் ரிப்போர்ட் திருத்துகிற அதே குரலில் சொன்னார்: "இருந்துச்சு. நீ பன்னெண்டு பீஸ்தான் எடுத்து வெச்சிருந்தே. பதினாலும்மா. ரெண்டை விட்டுட்டே."

விலை கொடுத்து பிரையர் பைப் வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நல்ல பைப் எது என்று கண்டுபிடிக்க ஒரு டார்ச்சும் அரை மணி நேரமும் போதும், நல்லது எது என்று தெரிந்தே மற்றதை எடுத்துக்கொண்டு போகிறவரைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு மூன்று வருஷம் ஆனது.